விண்டோஸ் 10 முடிந்துவிட்டது. ஊரில் இருக்கும் பழைய லேப்டாப்பை என்ன செய்யப்போகிறீர்கள்?

பெல்லந்தூர்வாசி:

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கு வழக்கமான அப்டேட் தருவதை நிறுத்தி மைக்ரோசாஃப்ட் முழுக்குப் போட்டது. அதற்குப் பிறகு ஊரிலிருந்து வரும் போன்களில் நலம் விசாரிப்பு குறைந்து, கணினி விசாரிப்பு கூடிவிட்டது. "திரை முழுக்க ஏதோ எழுதி வருகிறது, அமுக்கலாமா, வேண்டாமா?" என்று அப்பா கேட்கிறார். அப்பா சொல்லி, பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற தலைமையாசிரியரும் கேட்கிறார். பெங்களூரில் மென்பொருள் வேலை பார்க்கிற பிள்ளை என்றால், தெருவில் இருக்கும் கணினிகளுக்கெல்லாம் அவன்தான் கம்பவுண்டர் என்று முடிவு செய்துவிட்டார்கள்.

அப்பாவிடம் இருப்பது இன்டெல் ஏழாம் தலைமுறை ஐ5. எட்டு ஜி.பி. ராம். பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டுக் கொடுத்திருக்கிறேன். அதில் செய்தித்தாள் படிக்கிறார், மின்கட்டணம் கட்டுகிறார், பேத்தியோடு வீடியோவில் பேசுகிறார், கோயில் நிர்வாகத்துக்கு நீளநீளமாகக் கடிதம் எழுதுகிறார். இத்தனைக்கும் அந்த இயந்திரம் திணறியதே இல்லை. ஆனால் விண்டோஸ் 11 வேண்டுமென்றால், ஒருசில விதிவிலக்குகள் தவிர, இன்டெல்லில் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். அப்பாவின் லேப்டாப்பில் டி.பி.எம். இருக்கிறது. தலைமுறைதான் ஒன்று குறைகிறது. வேலையில் தோற்காத இயந்திரத்தைப் பட்டியலில் தோற்கடித்திருக்கிறார்கள்.

என் கருத்து: புதிது வாங்காதீர்கள். வாங்கியே தீர வேண்டும் என்று யாராவது சொன்னால், ஏன் என்று விளக்கட்டும். எனக்கு இதில் பிடிவாதம் உண்டு, ஆனாலும் கேட்டுக்கொள்கிறேன்.

ஓசூர்ச்சாலை:

நான் பாதுகாப்புப் பிரிவில் வேலை செய்கிறேன், அதனால் வில்லன் வேடம் எனக்குத்தான். அப்டேட் நின்றுபோன இயங்குதளத்தை இணையத்தோடு இணைத்து வைப்பது, அதுவும் வங்கிக் கணக்கு திறக்கிற கணினியில், எனக்கு ஒப்பாது. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் புழு வந்தபோது நிலைமை எவ்வளவு மோசமாக இருந்தது என்றால், மூன்றாண்டுக்கு முன்பே கைவிட்ட விண்டோஸ் எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாஃப்ட் அவசரமாக ஒட்டு தைத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. "அப்பா என்ன பெரிய ரகசியம் வைத்திருக்கிறார்" என்பது வாதமே இல்லை. அந்தப் புழு யாரையும் தேர்ந்தெடுத்துத் தாக்கவில்லை. கதவு திறந்திருந்த வீட்டுக்குள் எல்லாம் போனது.

பெல்லந்தூர்வாசி:

வான்னாக்ரை எடுத்துக்காட்டு என் பக்கமும் பேசுகிறது, ஓசூர்ச்சாலை. அதில் மாட்டிக்கொண்டவற்றில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7. அப்போது விண்டோஸ் 7-க்கு ஆதரவு இருந்தது. அது முடிந்தது 2020 ஜனவரியில். அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் 2017 மார்ச் 14 அன்றே வந்துவிட்டது, தாக்குதல் மே 12. நடுவில் இருந்த இரண்டு மாதத்தில் போடாமல் விட்டவர்கள்தான் அகப்பட்டார்கள். பழைய கணினியைவிட, அப்டேட்டைத் "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிவைக்கும் புதிய கணினிதான் எனக்குப் பயம்.

தவிர, கதவு இன்னும் முழுதாக மூடவில்லை. கூடுதல் பாதுகாப்பு அப்டேட் திட்டம் ஒன்று 2026 அக்டோபர் 13 வரை இருக்கிறது. 30 டாலர் கட்டலாம். அல்லது மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, கணினி அமைப்புகளை அவர்களுடைய இணையச் சேமிப்பகத்தில் சேமிக்கச் சம்மதித்தால் இலவசம். அமைப்புகள் பக்கத்தில் விண்டோஸ் அப்டேட் பகுதிக்குள்ளேயே அதற்கான இணைப்பு இருக்கிறது. எட்ஜ் உலாவிக்கும், விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பான டிஃபென்டரின் வைரஸ் பட்டியலுக்கும் 2028 அக்டோபர் வரை விண்டோஸ் 10-இல் அப்டேட் உண்டு. ஆக, யோசிக்க நேரம் இருக்கிறது. கடைக்காரர்தான் நேரம் இல்லை என்கிறார்.

கணக்குப்பிள்ளை:

எல்லாரும் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்துக்கு வந்து நிற்கப்போகிறீர்கள் என்று தெரிகிறது, அதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். ராஜாஜி நகரில் சிறு வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். கணக்கு எழுதும் மென்பொருளான டேலி விண்டோஸில்தான் ஓடும். ஜி.எஸ்.டி., வருமான வரி என்று டிஜிட்டல் கையெழுத்திடும் டோக்கனை யு.எஸ்.பி.யில் செருகினால், அதற்கொரு டிரைவர், அதற்குமேல் ஒரு சிறு நிரல், அதற்கு உலாவியில் ஓர் அனுமதி. விண்டோஸிலேயே இந்த மூன்றும் ஒருசேர வேலை செய்யும் நாளில் நான் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிறேன். லினக்ஸில் டோக்கன் டிரைவர் கிடைக்கும் என்பார்கள். கிடைக்கும்தான். கடைசி நாள் இரவு பதினொரு மணிக்கு அது வேலை செய்யுமா என்பதுதான் என் தொழில்.

என் வாடிக்கையாளர்களிடம் "வாங்கிவிடுங்கள்" என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் இப்போது விலை கேட்டு அவர்களே என்னை முறைக்கிறார்கள்.

பெல்லந்தூர்வாசி:

உங்களுக்கு விண்டோஸ் 11 தவிர வழி இல்லை, ஒப்புக்கொள்கிறேன். தொழிலுக்கு வைத்திருக்கும் கணினி வேறு, அப்பாவின் கணினி வேறு.

விலை விஷயத்தைச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். 2025 கடைசியிலிருந்து ராம் விலை ஏறுவதற்குக் காரணம் நம் ஊர் வியாபாரி அல்ல. உலகத்தில் இந்தச் சில்லுகளைப் பெரிய அளவில் செய்பவர்கள் மூவர்: சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரான். செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களுக்குத் தேவைப்படும் எச்.பி.எம். நினைவகத்தில் லாபம் அதிகம், அதனால் உற்பத்தி அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. மைக்ரான் 2025 டிசம்பரில், சில்லறை வாடிக்கையாளர்களுக்கு விற்றுவந்த குரூஷியல் வியாபாரத்தையே மூடப்போவதாக அறிவித்தது. நாம் கையில் வாங்கிச் செருகிக்கொள்ளும் ராம் அவர்களுக்கு இனித் தொந்தரவு. பெங்களூரில் கணினி உறுப்புகள் விற்கும் எஸ்.பி. ரோட்டில் சென்ற வாரம் ஒரு கடையில் எட்டு ஜி.பி. டி.டி.ஆர்.4 ராம் விலை கேட்டேன். எழுதிக் கொடுங்கள் என்றேன். "எழுதித் தர மாட்டேன் சார், சாயங்காலம் வந்தால் வேறு விலை" என்றார். தங்க நகைக் கடையில்கூடப் பலகையில் எழுதிப் போடுகிறார்கள்.

இதில் எனக்கு எரிச்சல் மூட்டுவது என்னவென்றால், ஒரு பக்கம் பழைய கணினியைத் தூக்கிப்போடச் சொல்லும் அதே துறைதான் இன்னொரு பக்கம் புதிய கணினிக்கான உறுப்புகளை வளைத்துப்போட்டுக்கொண்டிருக்கிறது. 2024-இல் விசைப்பலகையில் கோபைலட் என்ற மைக்ரோசாஃப்ட்டின் செயற்கை நுண்ணறிவு உதவியாளருக்கென்று ஒரு விசையே சேர்த்தார்கள். அதே ஆண்டு மே மாதம் ரீகால் என்று ஒன்றை அறிவித்தார்கள்: நீங்கள் திரையில் பார்ப்பதையெல்லாம் படமாக எடுத்து வைத்துக்கொள்ளும், பிறகு தேடித் தரும். பாதுகாப்பு ஆய்வாளர்கள் தலையில் அடித்துக்கொண்ட பிறகு தள்ளிவைத்துத் திருத்தி, 2025 ஏப்ரலில்தான் வெளியிட்டார்கள். அதற்குப் பதினாறு ஜி.பி. ராமும் நொடிக்கு 40 லட்சம் கோடி கணக்குப் போடும் தனிச் சில்லும் வேண்டுமாம். அப்பாவுக்கு நேற்று என்ன படித்தார் என்பது நினைவிருக்கிறது. கண்ணாடியை எங்கே வைத்தார் என்பதுதான் நினைவில்லை, அதை ரீகால் தேடித் தராது.

அகரத்திலிருந்து:

மன்னிக்கவும், அடிப்படையிலேயே ஒரு சந்தேகம். எழுபது வயதுக்காரருக்கு லேப்டாப் எதற்கு? பென்ஷன் வாழ்நாள் சான்றிதழே இப்போது செல்போனில் முகத்தைக் காட்டி எடுத்துவிடலாம். ஒரு டேப்லெட் வாங்கிக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருங்கள்.

பெல்லந்தூர்வாசி:

கோயில் நிர்வாகத்துக்கு நான்கு பக்கக் கடிதத்தை டேப்லெட்டில் விரலால் தட்டி எழுதச் சொல்லி நீங்களே அவரிடம் பேசுங்கள். எண் தருகிறேன்.

அல்சூர் அக்கா:

தம்பிகள் எல்லாரும் சில்லு, தலைமுறை என்று பேசிக்கொண்டிருக்கிறீர்கள். எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். தங்கை வேலூரில் புது லேப்டாப் வாங்கினாள். விண்டோஸ் 11, எல்லாம் புதியது. கடைப் பையன் நல்லவன்தான்; "எல்லாம் செட் பண்ணியே தருகிறேன் மேடம்" என்று பத்து நிமிடத்தில் கையில் கொடுத்துவிட்டான். எட்டு மாதம் கழித்து ஏதோ கோளாறு வந்து, சரிசெய்யக் கொடுத்த இடத்தில், கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் பயாஸ் நிரலை மாற்றியிருக்கிறார்கள். திரும்பி வந்து திறந்தால், நீலத் திரையில் நாற்பத்தெட்டு இலக்க மீட்புக் குறியீட்டைக் கேட்கிறது. அவளுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

விண்டோஸ் 11-இன் புதிய பதிப்புகளில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு தொடங்கினால் வட்டு தானாகவே பூட்டப்படுகிறது. சாவி அந்தக் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்கிறது. நல்ல ஏற்பாடு, லேப்டாப் திருடுபோனால் உள்ளே இருப்பது யாருக்கும் கிடைக்காது. கேள்வி, அந்தக் கணக்கு யாருடையது என்பதுதான். கடைப் பையன் அவசரத்துக்கு ஒரு மின்னஞ்சல் முகவரி உருவாக்கியிருக்கிறான். பாஸ்வேர்டை அட்டைப்பெட்டியில் எழுதி வைத்தானாம். அட்டைப்பெட்டி தீபாவளிக்குப் பழைய பேப்பர்காரரிடம் போய்விட்டது. மகள் கல்யாணப் படங்கள் அத்தனையும் உள்ளே, சாவி எங்கோ ஒரு முகவரியில். இயந்திரம் பழுதில்லை, வைரஸ் இல்லை, ஹேக்கர் இல்லை. அந்தப் பையன் வேலையை விட்டுப் போய்விட்டான், கடைக்காரர் அவன் எண்ணைத் தேடிப் பிடித்து, அவனுக்குப் பழைய முகவரி நினைவு வந்து, அதன்பிறகுதான் திறந்தது.

அதனால் பெல்லந்தூர் தம்பி, புதியதோ பழையதோ, முதலில் அப்பாவின் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். இலவச அப்டேட்டுக்காகக் கணக்கில் நுழையச் சொன்னீர்களே, அங்கேயும் இதே கேள்வி வரும்.

நள்ளிரவுப் பணி:

அக்கா சொன்ன நாற்பத்தெட்டு இலக்கத்தை நான் கனவிலும் மறக்க மாட்டேன். 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய ஒரு கோப்பு உலகம் முழுக்க 85 லட்சம் விண்டோஸ் கணினிகளைச் சாய்த்ததே, அந்த நாள். விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். நிரல் இருபது உள்ளீடுகள் கொடுக்க, வந்த கோப்பு இருபத்தொன்றாவதைத் தேடிப் போயிருக்கிறது; விஷயம் அவ்வளவுதான். தீர்வும் எளிது: அத்தியாவசிய நிரல்கள் மட்டும் ஓடும் சேஃப் மோடில் திறந்து அந்த ஒரு கோப்பை அழிக்க வேண்டும். ஆனால் எல்லாமே பூட்டிய வட்டுகள். அதனால் ஒவ்வொரு கணினிக்கும் சாவியைத் தேடி எடுத்து, வீட்டிலிருந்து வேலை பார்க்கும் ஆளுக்குப் போனில் எண் எண்ணாக வாசிக்க வேண்டும். ஆறாறாகப் பிரித்து வாசிப்பேன். நான்காவது தொகுப்பில் மறுமுனையில் குழந்தை அழும். "சார், மறுபடி முதலிலிருந்து". சில நிறுவனங்களில் சாவிகளை வைத்திருந்த சர்வரே சாய்ந்து கிடந்தது.

அன்று சாய்ந்தவை எல்லாம் ஒழுங்காக அப்டேட் ஏற்றுக்கொண்ட கணினிகள் என்பதையும் பதிவு செய்கிறேன், ஓசூர்ச்சாலை அவர்களே.

ஓசூர்ச்சாலை:

அது விண்டோஸ் அப்டேட் அல்ல, பாதுகாப்பு மென்பொருளின் அப்டேட். ஆனாலும் குத்தை ஏற்றுக்கொள்கிறேன்.

இன்னொன்று. ஊரில் இருக்கும் கணினியை இங்கிருந்து பார்த்துக்கொள்வதற்கு எல்லாரும் தொலைவிலிருந்து இயக்கும் செயலியைப் போட்டு வைக்கிறீர்கள், இல்லையா? தயவுசெய்து நிரந்தரமாக வைக்காதீர்கள். எனிடெஸ்க் போன்ற செயலிகளைக் கொண்டு யு.பி.ஐ. மோசடி நடக்கிறது என்று 2019-லேயே ரிசர்வ் வங்கி எச்சரித்தது. அந்தச் செயலியில் குற்றம் இல்லை. நாம் பெற்றோருக்குப் பழக்கிவிடும் வழக்கத்தில்தான் இருக்கிறது. "திரையில் வரும் எண்ணைப் படித்துச் சொல்லுங்கள் அப்பா" என்று நாம் மாதத்துக்கு இருமுறை கேட்கிறோம். அதே வாக்கியத்தை வேறொரு குரல் நிதானமாக, மரியாதையாகக் கேட்டாலும் அவர் படித்துச் சொல்வார். டிஜிட்டல் கைது என்று மிரட்டிப் பணம் பறிப்பவர்களுக்கு நாமே பாதி வேலையை முடித்து வைக்கிறோம்.

பெல்லந்தூர்வாசி:

இது எனக்கு உறைத்தது. நாங்கள் வைத்திருக்கும் ஏற்பாடு இது: அழைப்பு வீட்டுத் தரைவழித் தொலைபேசிக்கு மட்டும்தான் போகும், அதுவும் அப்பா என்னைத் திருப்பி அழைக்க வேண்டும். செயலியைத் தேவைப்படும்போது திறந்து, முடிந்ததும் அவரே மூடுகிறார். தாத்தா பெயர் கேட்பதைப் போன்ற சோதனைகள் எல்லாம் வேண்டாம். தாத்தா பெயர் ஊருக்கே தெரியும்.

சரி, லினக்ஸுக்கு வருவோம், கணக்குப்பிள்ளை ஏற்கெனவே வாசலில் நிற்கிறார். லினக்ஸ் வகைகளில் ஒன்றான மின்ட் 22 போட்டுப் பார்த்தேன், 2029 வரை அப்டேட் உண்டு. சின்னமன் முகப்பு விண்டோஸ் போலவே இருப்பதால் அப்பாவுக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. நிறுவாமலே யு.எஸ்.பி.யிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம் என்பதால் ஒலி, கேமரா, வைஃபை மூன்றையும் முதலிலேயே சோதித்துவிட்டேன். பழைய லேசர் பிரிண்டர்தான் முரண்டு பிடிக்கிறது.

ஆனால் தடுக்கி விழுந்தது வேறு இடத்தில். அப்பா தன் பழைய கடிதம் ஒன்றைத் திறந்தார். லிப்ரே ஆபிஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளில் திறந்துவிட்டது. "தமிழ்" என்று இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. பக்கம் முழுக்க அப்படித்தான். "என் கடிதத்தை உன் லினக்ஸ் தின்றுவிட்டது" என்றார்.

அச்சகத்துப் பிள்ளை:

தின்னவில்லை. அது பாமினி. ஆங்கில எழுத்துகள் உட்காரும் இடத்தில் தமிழ் உருவங்களை வரைந்து வைத்த எழுத்துரு. கோப்புக்குள் உண்மையிலேயே ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளிதான் இருக்கிறது. எழுத்துரு இருக்கும் கணினியில் தமிழாகத் தெரியும், இல்லாத கணினியில் வேஷம் கலைந்துவிடும். யூனிகோடில் தமிழுக்கு 1991-லேயே இடம் கிடைத்தும், அச்சகங்களும் தட்டச்சு நிலையங்களும் அதன்பிறகு பல ஆண்டுகள் இப்படியே ஓட்டின. அப்பா அங்கே பழகியவராக இருப்பார்.

விண்டோஸ் எழுத்துரு அடைவிலிருந்து பாமினி கோப்பை எடுத்து மின்டில் நிறுவுங்கள். பழைய கடிதங்கள் அப்படியே தெரியும். ஆனால் அத்தோடு விட்டுவிடாதீர்கள். எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றி இன்னொரு பிரதி வையுங்கள். மாற்றிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. பாமினிக் கோப்பில் தேடினால் எதுவும் அகப்படாது, மின்னஞ்சலில் ஒட்டினால் குப்பையாகப் போகும். மாற்றும்போது நடுவில் இருக்கும் ஆங்கில வார்த்தைகளையும் சேர்த்துத் தமிழாக்கிவிடும், அதைக் கண்ணால் பார்த்துத் திருத்த வேண்டும். கோயில் கடிதங்களில் மின்னஞ்சல் முகவரி இருந்தால் அங்கே முதலில் பாருங்கள்.

தட்டச்சுக்கு ஐபஸ் எம்17என் என்ற உள்ளீட்டுத் தொகுப்பை நிறுவினால் தமிழ்99 விசைப்பலகை வந்துவிடும். அவர் கை பாமினியில் ஊறியிருந்தால் தமிழ்99-க்கு மாற்றப் பார்க்காதீர்கள், வீட்டில் சண்டை வரும். பழைய தட்டச்சு முறைக்கும் விசைப்பலகை இருக்கிறது.

கணக்குப்பிள்ளை:

இயங்குதளம் பற்றிய பேச்சு எழுத்துருவில் வந்து நிற்கிறது. இதற்குத்தான் நான் இந்தப் பக்கம் வருகிறேன்.

விலகிப் போகாமல் என் கேள்விக்கும் வாருங்கள். என் வாடிக்கையாளர்களிடம் ஏழாம் தலைமுறை மேசைக்கணினி பல இருக்கின்றன. நிறுவும் யு.எஸ்.பி. தயாரிக்கும் ரூஃபஸ் என்ற செயலியை வைத்து நிபந்தனையைத் தாண்டி விண்டோஸ் 11 போடலாம் என்கிறார்கள். போடலாமா?

ஓசூர்ச்சாலை:

வீட்டுக்கு விளையாட்டாகப் போடுங்கள். வரிக் கணக்கு இருக்கும் கணினியில் வேண்டாம். போட்டால் ஓடும், மாதாந்திர அப்டேட்டும் வரக்கூடும். ஆனால் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் எந்த உறுதியும் தரவில்லை, ஆண்டுக்கொரு பெரிய பதிப்பை நீங்களே கையால் ஏற்ற வேண்டியிருக்கும். அது நின்றுபோகும் நாள் ஜி.எஸ்.டி. கடைசி நாளாகத்தான் இருக்கும். கூடுதல் அப்டேட் திட்டத்தின் 30 டாலர் ஒரு கணக்குக்கு; பத்துக் கணினி வரை சேர்க்கலாம். ஆனால் அந்தத் திட்டம் வீட்டுப் பயன்பாட்டுக்கு. நிறுவனங்களுக்குத் தனிக் கட்டணம், அதுவும் ஆண்டுக்கு ஆண்டு இரட்டிப்பாகும். 2026 அக்டோபருக்குள் ராம் விலை இறங்கினால் வாங்குங்கள், இறங்காவிட்டால் எட்டாம் தலைமுறை பழைய அலுவலகக் கணினிகளைப் பாருங்கள். நிறுவனங்கள் குத்தகை முடிந்து கழித்துவிடுகிறவை நல்ல நிலையில் கிடைக்கின்றன, ராமும் உள்ளேயே இருக்கும்.

அல்சூர் அக்கா:

அப்படி வாங்கினால் கடையிலேயே பயாஸ் பாஸ்வேர்டு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். பழைய நிறுவனத்தின் பூட்டோடு வந்துவிடும்.

பெல்லந்தூர்வாசி:

பாமினி வேலை செய்கிறது, அச்சகத்துப் பிள்ளைக்கு நன்றி. அப்பா இப்போது 2009-இல் எழுதிய கடிதங்களை ஒவ்வொன்றாகத் திறந்து படித்துக்கொண்டிருக்கிறார், அவற்றில் எதற்கும் நிர்வாகம் பதில் போடவில்லை என்று எனக்கு மறுபடி சொல்கிறார். கணக்கு அவர் பெயரில்தான் இருக்கிறது, ஆனால் மீட்பு எண்ணாக எப்போதோ மாற்றிவிட்ட பழைய சிம் இருந்தது, மாற்றிவிட்டேன். அக்கா சொல்லாவிட்டால் பார்த்திருக்க மாட்டேன்.

பிரிண்டர் மட்டும் இன்னும் மசியவில்லை. சனிக்கிழமை எஸ்.பி. ரோட்டுக்குப் போகிறேன், லினக்ஸில் தொந்தரவு இல்லாத பழைய பிரிண்டர் எது என்று யாராவது சொன்னால் தேடிப் பார்க்கலாம்.

கணக்குப்பிள்ளை:

சனிக்கிழமை நானும் வருகிறேன். எட்டாம் தலைமுறை விலை கேட்க வேண்டும். மதியத்துக்கு முன்பே போய்விடலாம், சாயங்காலம் வந்தால் வேறு விலை என்றாரே.